தெற்கு என்றால் எந்தத் தெற்கு?

போன மாதம் ஒரு மாணவர் விடுதியில் படிப்பு வட்டம். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். கரும்பலகையில் குறுக்கே ஒரு கோடு போட்டு மேலே வடக்கு, கீழே தெற்கு என்று எழுதினேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி, 'அண்ணே, அப்ப நாம தெற்குதானே?' என்றான். எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன்னா, அவன் சும்மா கேட்கவில்லை. 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்ற முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த மண் இது. மாநில உரிமை என்று யாராவது சொன்னாலே நமக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும். மத்திய அரசோடு மோதி 11 தென் மாநிலங்கள் தனியாகப் பிரிந்தன, அவற்றின்மேல் வடக்கு படையெடுத்தது என்று கதையைத் தொடங்கினால், காது தானாகவே தெற்குப் பக்கம் சாய்கிறது. கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது என் வயதுத் தோழர் ஒருவர், நிறையப் படித்தவர், சொன்னார்: 'தெற்கை ஒரு தேசிய இனமாப் பாக்கலாமில்லையா தோழர்? வடக்கு முதலாளிக்குச் சந்தை வேணும், சுங்கவரி வேணும். அதுக்குப் போட்ட சண்டை. அடிமை முறைங்கிறது சாக்குதான்.' அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பேருந்து வந்துவிட்டது, ஏறிவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் 'தெற்கு' யார் என்று எண்ணிப் பார்ப்போம். 1860 மக்கள்தொகைக் கணக்கின்படி, பிரிந்துபோன 11 மாநிலங்களில் இருந்தவர்கள் சுமார் 90 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய 35 லட்சம் பேர் அடிமைகள். தென் கரோலினாவில் நூற்றுக்கு 57 பேர், மிசிசிப்பியில் நூற்றுக்கு 55 பேர் அடிமைகள். 1860 டிசம்பர் 20 அன்று முதலாவதாகப் பிரிந்தது தென் கரோலினா. 'தென் கரோலினா மக்கள் பிரிந்துபோக முடிவெடுத்தார்கள்' என்று எழுதுகிறார்கள். எந்த மக்கள்? நூறு பேரில் 57 பேரை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று முடிவெடுத்த ஒருவனுக்கும் தோன்றவில்லை. 'ஊர் கூடி முடிவு பண்ணிடுச்சு' என்று நம்ம பக்கத்தில் சொல்வார்களே, அப்படி. ஊர் எது, சேரி எது என்று தெரிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தெற்கு ஒரு தேசிய இனம் என்றால் அந்த 35 லட்சம் பேர் அதில் சேர்த்தியா, இல்லையா? தோழரிடம் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

இந்த வடக்கு - தெற்குக் கோடும் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. 1776இல் சுதந்திரம் அறிவித்தபோது 13 காலனிகளிலும் அடிமைகள் இருந்தார்கள். நியூயார்க் நகரத்தில் இருந்தார்கள். வடக்கு மெதுவாகத்தான் கைவிட்டது, அதுவும் எசமானுக்கு நோகாமல். நியூயார்க்கில் 1799இல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்த ஆண்டு ஜூலை 4க்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கிற பிள்ளை சுதந்திரப் பிள்ளையாம். ஆனால் ஆண் என்றால் 28 வயதுவரை, பெண் என்றால் 25 வயதுவரை தாயின் எசமானுக்கு உழைக்க வேண்டுமாம். உழைக்கிற உடம்பின் நல்ல வயசை எல்லாம் உறிஞ்சிவிட்டு அதற்குப் பெயர் விடுதலை. அங்கே முழு ஒழிப்பு 1827இல்தான் வந்தது.

தெற்கிலோ 1793இல் வந்த ஓர் எந்திரம் கதையை மாற்றியது. பஞ்சிலிருந்து பருத்திக் கொட்டையைப் பிரிக்கிற ஜின். எலி விட்னி செய்தது. எந்திரம் வந்தால் ஆள் வேலை குறையும் என்போம். இங்கே தலைகீழ். பஞ்சைப் பிரிப்பது சுலபமானதும், பறிப்பதற்கு இன்னும் இன்னும் ஆள் தேவைப்பட்டது. 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் கிட்டத்தட்ட 40 லட்சம். 1808இல் ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் பிடித்து வருவதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அதனால் உள்நாட்டு வியாபாரம் செழித்தது. வர்ஜீனியாவிலிருந்தும் மேரிலாந்திலிருந்தும் சுமார் 10 லட்சம் பேரை அலபாமா, மிசிசிப்பி, லூசியானாவின் பருத்திக்காட்டுக்கும் கரும்புக்காட்டுக்கும் ஓட்டிக்கொண்டு போனார்கள். சங்கிலியில் கோத்து, நடையாக, கப்பலில். புருசன் ஒரு சந்தையில், பெண்டாட்டி ஒரு சந்தையில், பிள்ளை வேறெங்கோ. போருக்கு முந்தைய நிலவரப்படி அந்த 40 லட்சம் பேரின் 'விலை', நாட்டின் ரயில்வேயும் தொழிற்சாலைகளும் சேர்ந்த மதிப்பைவிட அதிகம். நாட்டின் ஏற்றுமதியில் பாதிக்குமேல் பருத்தி.

அந்தப் பருத்திக்கு முன்பணம் கொடுத்தது நியூயார்க் வங்கி. ஏற்றிப்போனது வடக்கின் கப்பல். நெய்தது மாசசூசெட்சின் மில்லும் லங்காஷயரின் மில்லும். 1861 ஜனவரியில் நியூயார்க் நகர மேயர் பெர்னாண்டோ வுட், தெற்கோடு வியாபாரம் கெட்டுப்போகக் கூடாது என்று, நகரமே நாட்டிலிருந்து பிரிந்து தனியாக நிற்கலாம் என்று யோசனை சொன்னார். இப்படிப்பட்ட வடக்கை வைத்துக்கொண்டு 'வடக்கு அடிமை முறையை எதிர்த்தது' என்று ஒற்றை வரியில் எழுதுகிறவர்களை என்ன சொல்ல?

அப்புறம் ஏன் சண்டை வந்தது?

இரண்டு பக்கமும் எழுபது வருசம் பஞ்சாயத்து பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். முதல் பஞ்சாயத்து 1787இல், அரசமைப்புச் சட்டம் எழுதும்போது. நாடாளுமன்ற இடங்களை மக்கள்தொகைப்படி பிரிக்க வேண்டும். அடிமைகளையும் எங்கள் மக்கள்தொகையில் எண்ணு என்றது தெற்கு. வடக்கு, சந்தையில் மாடு மாதிரி விற்கிறாயே, மாட்டையுமா எண்ணுவது என்றது. முடிவில் ஓர் அடிமையை அய்ந்தில் மூன்று பங்கு மனிதனாக எண்ணலாம் என்று ராஜியானார்கள். அந்த அய்ந்தில் மூன்று பங்கு ஓட்டு அடிமைக்குக் கிடையாது. அவன் எண்ணிக்கையைக் காட்டி எசமானுக்குக் கூடுதல் இடம். அதோடு, தப்பி ஓடியவனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பிரிவும் சேர்ந்தது. இத்தனையும் எழுதிய அந்தச் சட்டத்தில் 'அடிமை' என்ற சொல் மட்டும் இல்லை! 'மற்ற நபர்கள்', 'வேலைக்குக் கட்டுப்பட்ட நபர்' என்றுதான் இருக்கும். செய்கிற அசிங்கத்துக்கு நல்ல பெயர் வைக்கிற வேலை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

1819இல் அடிமை மாநிலங்கள் 11, அடிமை இல்லாத மாநிலங்கள் 11. மிசௌரி உள்ளே வந்தால் தராசு சாயும். 1820இல் மிசௌரியை அடிமை மாநிலமாகவும் மெய்னை அடிமையில்லா மாநிலமாகவும் சேர்த்து, 36 பாகை 30 கலை அட்சக்கோட்டை எல்லையாக வைத்தார்கள். 1848இல் மெக்சிகோவிடமிருந்து பெரும் நிலப்பரப்பைப் பிடுங்கியதும் மறுபடி தகராறு. பிடுங்கிய நிலத்தில் அடிமை முறை உண்டா, இல்லையா? அதற்கு 1850இல் ஒரு சமரசம். 1854இல் கான்சாஸ் - நெப்ராஸ்கா சட்டம் பழைய கோட்டை அழித்து, அங்கே குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றது. கான்சாசில் இரண்டு தரப்பும் துப்பாக்கியோடு குடியேறினார்கள், ரத்தம் ஓடியது. 1856இல் மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர், தென் கரோலினாவின் செனட்டரைத் தாக்கிப் பேசினார். அந்தச் செனட்டரின் உறவினரான பிரஸ்டன் புரூக்ஸ் என்ற உறுப்பினர், செனட் அவைக்குள்ளேயே வந்து சம்னர் மயங்கி விழும்வரை கைத்தடியால் அடித்தார். தெற்கிலிருந்து புரூக்சுக்குப் புதுப்புதுக் கைத்தடிகள் பரிசாக வந்து குவிந்தன.

இந்தப் பஞ்சாயத்துகள் எதிலும் அடிமை ஒரு தரப்பாக உட்காரவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் கெடுத்தது அவர்கள்தான். ராத்திரியில் கிளம்பி ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

1850 சமரசத்தில் இருந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தோழர் சொன்ன மாநில உரிமைக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. அந்தச் சட்டப்படி, வடக்கில் எங்கேயோ பத்து வருசமாகக் குடும்பத்தோடு வாழ்கிற ஒரு கறுப்பரை எசமானின் ஆள் வந்து 'இவன் எங்கள் அடிமை' என்று காட்டினால் போதும். ஜூரி விசாரணை கிடையாது. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. விசாரிக்கிற ஆணையருக்குக் கட்டணம் உண்டு: அடிமைதான் என்று திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்! திருப்பி அனுப்பினால் எழுத்து வேலை அதிகமாம், அதனால் கூடுதலாம். வழியில் நிற்கிற எவனையும் பிடிக்க உதவச் சொல்லி மத்திய அதிகாரி உத்தரவிடலாம்.

வடக்கு மாநிலங்கள் பல இதை எதிர்த்துத் தங்கள் சட்டமன்றத்தில் தனிநபர் சுதந்திரச் சட்டங்கள் போட்டன. எங்கள் சிறையை இதற்குத் தர மாட்டோம், எங்கள் அதிகாரி உதவ மாட்டார் என்றன. விஸ்கான்சின் மாநில உச்சநீதிமன்றம் அந்த மத்தியச் சட்டமே செல்லாது என்றது. இது மாநில உரிமை இல்லையா? தெற்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'சபாஷ், உங்கள் மாநிலம் உங்கள் இஷ்டம்' என்றுதானே? சொல்லவில்லை. மத்திய அரசே, படையை அனுப்பு என்றது. 1854இல் பாஸ்டனில் ஆண்டனி பர்ன்ஸ் என்ற ஒரே ஒரு மனிதரைத் திருப்பி அனுப்ப மத்தியப் படை தெருவில் அணிவகுத்தது. ஆயிரக்கணக்கானோர் இருபுறமும் நின்று கூச்சலிட்டார்கள். கடைகளில் கறுப்புத் துணி தொங்கியது. விஸ்கான்சின் தீர்ப்பை 1859இல் மத்திய உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. ரத்து செய்தவர் தலைமை நீதிபதி ரோஜர் டானி. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், வெள்ளையன் மதித்தாக வேண்டிய உரிமை எதுவும் கறுப்பனுக்கு இல்லை என்ற கருத்தில் தீர்ப்பெழுதிய அதே டானி.

பிரிந்துபோகும்போது தென் கரோலினா ஒரு காரண அறிக்கை வெளியிட்டது. அதைத் தோழர் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். வடக்கு மாநிலங்கள் எங்கள் அடிமைகளைத் திருப்பித் தரவில்லை, அதற்கு எதிராகச் சட்டம் போடுகின்றன, எங்கள் சொத்தை ஓடச் சொல்லித் தூண்டுகின்றன, கறுப்பனுக்கு ஓட்டுக்கூடக் கொடுக்கின்றன: இவைதான் புகார்கள். அதாவது, மற்ற மாநிலம் தன் உரிமையைப் பயன்படுத்தியதுதான் அவர்களுக்குக் குற்றம். சுங்கவரி பற்றி அதில் பேச்சே இல்லை. 1857இல் தெற்கின் ஆதரவோடு வரி குறைக்கப்பட்டிருந்தது. மிசிசிப்பியின் அறிக்கை இன்னும் பச்சை: எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு பின்னிக் கிடக்கிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. புதுக் கூட்டாட்சியின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானா நகரத்தில் பேசும்போது, வெள்ளையனுக்குக் கறுப்பன் சமமில்லை என்பதுதான் எங்கள் அரசின் மூலைக்கல் என்றார். அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கிற சட்டம் எதையும் போட முடியாதபடி அவர்களுடைய அரசமைப்புச் சட்டமே தடை போட்டது. அவர்கள் ஒளிக்கவில்லை. நாம்தான் அவர்களுக்காக நல்ல காரணம் தேடுகிறோம். இதெல்லாம் வரிச் சண்டைதான் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதியபோது, 1861இலேயே வியன்னாவின் ஒரு பத்திரிகையில் மார்க்ஸ் அந்த வாதத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். தோழர் மார்க்ஸ் படித்தவர்தான். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருப்பார் போல.

அடிமை மாநிலங்களின் வெள்ளைக் குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் அடிமை வைத்திருந்தது. மீதி மூன்று? காணி நிலம் வைத்திருந்தவன், கூலிக்குப் போனவன், சோளக்களியை நம்பி இருந்தவன். அவன் ஏன் துப்பாக்கி எடுத்தான்? டுபாய்ஸ் 1935இல் எழுதிய நூலில் இதற்கு விடை தருகிறார். ஏழை வெள்ளையனுக்குக் கூலி குறைவு. ஆனால் தோலுக்காக இன்னொரு கூலி கிடைத்தது, மரியாதைக் கூலி. எவ்வளவு கீழே கிடந்தாலும் தனக்குக் கீழே ஒருத்தன் உண்டு என்கிற சுகம். அது என்ன சுகம் என்று நம் ஊர்த் தெருக்களில் நடந்தவனுக்குத் தெரியும். போரின் நடுவில், 1862 அக்டோபரில், 20 அடிமைகள் இருக்கிற பண்ணைக்கு ஒரு வெள்ளையன் படைக்குப் போக வேண்டாம் என்று தெற்கு அரசு விலக்குக் கொடுத்தபோது அந்த ஏழைகளுக்குக் கொஞ்சம் உறைத்தது. பணக்காரன் போர், ஏழையின் சண்டை என்று முணுமுணுத்தார்கள், பலர் படையை விட்டும் ஓடினார்கள். அப்போதும் கறுப்பனோடு கைகோக்கலாம் என்று பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை.

வடக்கின் கதைக்கு வருகிறேன். நம் பாடப்புத்தகத்தில் லிங்கன் படம் இருக்கும், கீழே 'அடிமைகளை விடுவித்தவர்' என்று இருக்கும். அந்த மனிதரை நான் சிறுமைப்படுத்தவில்லை. போரின் போக்கில் அவர் மாறினார், அதற்கே உயிரையும் கொடுத்தார். ஆனால் எங்கிருந்து மாறினார் என்பதைச் சொல்ல வேண்டாமா? 1858 தேர்தல் விவாதத்தில், இரண்டு இனத்துக்கும் சமூக, அரசியல் சமத்துவம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை என்று பேசினார். 1861 மார்ச்சில், இருக்கிற மாநிலங்களில் அடிமை முறையை மத்திய அரசு என்றைக்கும் தொடக் கூடாது என்று ஒரு சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றமே நிறைவேற்றியது. எனக்கு ஆட்சேபணை இல்லை என்று பதவியேற்பு உரையில் சொன்னார். 1862 ஆகஸ்டில் பத்திரிகையாசிரியர் கிரீலிக்கு எழுதிய கடிதத்தில், என் நோக்கம் ஒன்றியத்தைக் காப்பது. ஓர் அடிமையையும் விடுவிக்காமல் அது முடியுமென்றால் அப்படியே செய்வேன் என்றார். அதே ஆண்டு ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோது அரசு இழப்பீடு கொடுத்தது, ஆளுக்கு 300 டாலர் வரை. யாருக்கு? எசமானுக்கு!

1861 ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டையில் பீரங்கி வெடித்தபோது இரண்டு பக்கமும் அடிமையை விடுவிப்பது பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பக்கம் பிரிவேன் என்றது, மறுபக்கம் விடமாட்டேன் என்றது. ஆறே வாரம். மே 23 இரவு வர்ஜீனியாவில் மூன்று பேர் ஒரு படகை எடுத்துக்கொண்டு மன்றோ கோட்டைக்குத் துடுப்புப் போட்டுப் போனார்கள். பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மாலரி, ஜேம்ஸ் டவுன்செண்ட். தெற்குப் படைக்குப் பீரங்கித் திட்டு கட்டும் வேலையில் அவர்களைப் போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டை வடக்கின் கையில் இருந்தது. தளபதி பட்லர் ஒரு வக்கீல். மறுநாள் வெள்ளைக் கொடியோடு தெற்கின் அதிகாரி வந்து, தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி எங்கள் ஆட்களைக் கொடு என்றார். நீங்கள்தான் தனி நாடு ஆகிவிட்டீர்களே, எங்கள் நாட்டுச் சட்டம் உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டார் பட்லர். ஆனால் அவர்களை மனிதர்கள் என்று சொல்லவில்லை. எதிரியின் போர்ப்பொருளைப் பறிமுதல் செய்கிறேன் என்றார். பொருள்தான், இனிமேல் வேறு கையில். செய்தி பரவியது. அடுத்தடுத்த நாட்களில் எட்டுப் பேர், அப்புறம் குடும்பம் குடும்பமாக, கிழவி, கைக்குழந்தையோடு வந்தார்கள். போர் முடிவதற்குள் தெற்கு முழுக்க லட்சக்கணக்கில் கிளம்பிவிட்டார்கள்.

'ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்பார்கள். இந்தப் பழமொழியைச் சொன்னவன் கூத்தாடி இல்லை என்பது மட்டும் நிச்சயம். ஊர் ரெண்டுபட்ட நேரத்தில் அந்த மூன்று பேர் செய்தது கொண்டாட்டமில்லை, கணக்கு. பிடிபட்டிருந்தால் முதுகுத் தோல் உரிந்திருக்கும். தெற்கின் வயலில் ஆள் குறைய ஆரம்பித்தது, வடக்கின் முகாமில் ஆள் கூடிக்கொண்டே போனது. திருப்பி அனுப்பினால் எதிரிக்கு லாபம், வைத்துக்கொண்டால் யார் இவர்கள் என்று சொல்லியாக வேண்டும். டுபாய்ஸ் இதைப் பொது வேலைநிறுத்தம் என்று பெயரிட்டே எழுதினார். 1862 மே 13 விடியற்காலையில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி, வெள்ளைக் காப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, 'பிளான்டர்' என்ற தெற்குப் படைக் கப்பலைக் குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு கோட்டையிலும் சரியான சங்கொலி கொடுத்துவிட்டுத் தாண்டி, வடக்கின் கப்பல்களிடம் ஒப்படைத்தார். 1863 ஜூனில் ஹாரியட் டப்மன் வழிகாட்டிய படை கம்பாகி ஆற்றில் ஏறி ஒரே இரவில் 700க்கும் மேற்பட்டவர்களை மீட்டது. 1863 ஜனவரி 1 அன்று வந்த விடுதலைப் பிரகடனத்துக்கு முன்னாலேயே தங்களை விடுவித்துக்கொண்டவர்கள் ஏராளம். பிரகடனமோ, ஒன்றியத்தில் தங்கிவிட்ட அடிமை மாநிலங்களைத் தொடவில்லை.

அதன்பின் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் கறுப்பர்கள் வடக்கின் படையில் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பருக்கு 10 டாலர், அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் 54ஆவது படைப்பிரிவு அந்தச் சம்பளத்தைத் தொடவே மாட்டோம் என்று மாதக்கணக்கில் சும்மாவே சண்டை போட்டது. 1864 ஜூனில்தான் சமச் சம்பளச் சட்டம் வந்தது. அவர்கள் வாக்னர் கோட்டையில் செத்துக்கொண்டிருந்த அதே 1863 ஜூலையில், நியூயார்க்கில் கட்டாய ராணுவ சேவையை எதிர்த்துக் கிளம்பிய வெள்ளைக் கும்பல் கறுப்பரைத் தேடித் தேடிக் கொன்று விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டது. கறுப்புக் குழந்தைகளின் அநாதை இல்லத்தைக் கொளுத்தியது. நியூயார்க் வடக்கில்தான் இருக்கிறது.

நான்கு வருசம். பழைய கணக்கில் 6 லட்சத்து 20 ஆயிரம் சிப்பாய்கள், பிற்காலக் கணக்கில் சுமார் 7 லட்சம் பேர் செத்தார்கள். 1865 டிசம்பரில் 13ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 'குற்றத்துக்குத் தண்டனையாக அன்றி' என்று நடுவில் ஒரு சந்து விட்டார்கள். அந்தச் சந்து வழியாகத் தெற்கின் சிறைகள் எத்தனை ஆயிரம் கறுப்பரைப் பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் வாடகைக்கு விட்டன என்பது தனிக் கட்டுரை.

அடித்துக்கொண்ட அண்ணன் தம்பி ஒருநாள் ராசியாவார்கள். 1876 குடியரசுத் தலைவர் தேர்தலில் தகராறு. 1877இல் பேரம் முடிந்தது. வடக்கின் ஆள் ஹேய்ஸ் பதவியில் உட்கார்ந்தார், தெற்கின் கடைசி மாநிலங்களில் கறுப்பருக்குக் காவல் நின்ற படை முகாமுக்குத் திரும்பியது. ஓட்டும் போயிற்று, மன்றமும் போயிற்று, மரத்தில் தொங்கவிடும் காலம் வந்தது. அமெரிக்காவில் அடிமைகளை விடுவித்த நல்ல மனிதர்களுக்கு என்று 1873இல் தன் 'குலாம்கிரி'யைக் காணிக்கையாக்கினார் ஜோதிராவ் புலே. அந்த மை காய்ந்து நாலே வருசம்.

1913 ஜூலைத் தொடக்கத்தில் கெட்டிஸ்பர்க் போரின் அய்ம்பதாம் ஆண்டு விழா. வடக்கு, தெற்கு என இரண்டு பக்கத்துக் கிழட்டுச் சிப்பாய்கள் 50 ஆயிரம் பேருக்குமேல் கூடினார்கள். கைகுலுக்கினார்கள், கட்டிப்பிடித்தார்கள். சகோதரர்கள் வீரத்தோடு மோதிக்கொண்டோம், எல்லாம் மறந்தது என்று குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் பேசினார். எதற்காக மோதினார்கள் என்ற பேச்சை அங்கே காணோம். அதே ஜூலை மாதத்தில்தான் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அம்பேத்கர் என்ற இளைஞர் நியூயார்க்கில் கப்பலைவிட்டு இறங்கினார். 1942இல், கனடாவில் நடந்த ஒரு மாநாட்டுக்காக எழுதிய அறிக்கையில், லிங்கன் கிரீலிக்கு எழுதிய அந்தக் கடிதத்தையே எடுத்துக்காட்டி, போருக்குப் பின் கறுப்பர்களுக்கு நேர்ந்ததைத் தீண்டப்படாதோர் மறந்துவிட முடியாது என்று எழுதினார். 1946இல் டுபாய்சுக்குக் கடிதம் போட்டு, அய்.நா.வுக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் படி கேட்டார்.

போன வாரம் அந்த விடுதிக்கு மறுபடி போனேன். இந்த முறை பலகையில் கோடு போடவில்லை. 1865 ஜனவரி 12 அன்று சவானாவில் நடந்த கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். தளபதி ஷெர்மனும் போர் அமைச்சரும் 20 கறுப்பின மதகுருக்களை அழைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் சார்பில் பேசிய காரிசன் பிரேசியருக்கு வயது 67. தன்னையும் தன் மனைவியையும் 1,000 டாலர் கொடுத்து மீட்டுக்கொண்டவர். நிலம் வேண்டும், அதில் எங்கள் உழைப்பில் நாங்களே பயிர் செய்துகொள்வோம் என்றார். நாலாம் நாள் ஷெர்மன் உத்தரவு போட்டார். கடற்கரையோரப் பண்ணை நிலங்களில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40 ஆயிரம் பேர் குடியேறி விதைத்தார்கள். லிங்கன் ஏப்ரலில் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய பண்ணையார்களுக்கு மன்னிப்புக் கொடுத்து, நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அக்டோபரில் எடிஸ்டோ தீவு மாதா கோயிலில் கூடியிருந்த மக்களிடம் அதைச் சொல்ல அனுப்பப்பட்டவர் தளபதி ஹோவர்ட், போரில் வலது கையை இழந்தவர். பண்ணையார்களை மன்னித்து அவர்களிடமே கூலிக்குச் சேருங்கள் என்றார். மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று பேர் கொண்ட குழு அவருக்குப் பதில் எழுதியது. உங்களுக்குப் போனது ஒரு கை, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் தங்கையையும் அடித்தவனை, அவன் நிலத்தில் எனக்குக் காலி குடிசைகூடத் தரமாட்டேன் என்கிறவனை நான் எப்படி மன்னிப்பது என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

கடைசி வரிசைத் தம்பி இந்த முறை முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். 'நிலத்தை யார்க்கிட்டண்ணே குடுத்தாங்க, மறுபடி அவனுங்ககிட்டயேவா?' என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். 'வடக்கத்தியான்தானே குடுத்தான்?'

ஆமாம். அந்தக் கடிதத்தை முழுசாக மொழிபெயர்த்துத் தரச் சொல்லியிருக்கிறான். உட்கார வேண்டும்.